தோட்டத்துக் கோடியில் அடுக்கிய வைக்கோல்

அந்த வருடங்களில் நான் வைக்கோலை வாரத்துக்கு இரண்டு கட்டு என்றுதான் வாங்கினேன். அக்குறணையில் லொறி வைத்து வைக்கோல் விற்ற முஸ்லிம் நானாவுக்கு அது பெரிய வேடிக்கை.

"என்ன தங்கச்சி, சீனி வாங்குற மாதிரி ரெண்டு ரெண்டா வாங்குறீங்க? ஒங்கட மாடு தேத்தண்ணியா குடிக்கிது?"

கடையில் நின்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு, இடுப்பில் மகளோடு, கட்டுகளை பஸ்ஸுக்கு மேலே போடும்படி கொண்டக்டரிடம் கெஞ்சப் போவேன்.

மாசி, பங்குனியில் தம்புள்ளைப் பக்கம் அறுவடை முடிந்ததும் கட்டு மூன்று ரூபாய்க்குக் கிடைக்கும். மாடு வைத்திருந்தவர்கள் அப்போதே ஒரு லொறி இறக்கி, வீட்டுச் சுவரோடு சேர்த்து அடுக்கிவிடுவார்கள். ஐப்பசியில் அதே கட்டு ஆறு ரூபாய். எங்காவது குண்டு வெடித்துப் பாதையை மூடினால் ஒரே வாரத்தில் ஒன்பது. அந்த விலைக்கும் நான் வாங்கினேன்.

காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. எண்பத்து மூன்று கலவரத்தின்போது எங்கள் தெருமுனையிலிருந்த தமிழரின் பீங்கான் கடை எரிவதை ஜன்னல் இடுக்கால் பார்த்தேன். பீங்கான் சாமான்களைப் பொதிந்து வந்த வைக்கோல் கடைக்குப் பின்னால் குவிந்து கிடந்தது. வந்தவர்கள் அதில்தான் முதலில் நெருப்பு வைத்தார்கள். பிறகு அவர்கள் சும்மா நின்று பார்த்தார்கள். அதற்குப் பிறகு எந்த வீட்டில் வைக்கோலைக் கண்டாலும், அதற்கும் சுவருக்கும் எவ்வளவு தூரம் என்றே என் கண் பார்த்தது.

முன்பெல்லாம் தேயிலைத் தோட்டத்து ஓரமாகப் போய்ப் புல் அறுத்து வருவேன். பாலத்தடியில் காவலரண் வந்தபின் ஒரு நாள், என் கையிலிருந்த அரிவாளைப் பார்த்த சிப்பாய் ஒருவன், "இது புல்லுக்கா, எங்களுக்கா?" என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தான். விளையாட்டாகத்தான் கேட்டிருப்பான். ஆனாலும் அதற்குப் பிறகு நான் போகவில்லை.

என் கணவர் கொழும்பில் ஒரு களஞ்சியத்தில் எழுதுவினைஞர். மாதம் ஒருமுறை வருவார். கலவரம் அடங்கியதும் மகளுக்குப் பால் வேண்டும் என்று அவர்தான் மாட்டை வாங்கினார். மூன்றாம் வருடம் மாடு சினையாக இருந்தபோது வந்தவர் சொன்னார்:

"இந்தத் தடவ லொறியோட எறக்கிடு. பால் வித்த காசு பூரா வைக்கோலுக்கே போகுது. இப்படியே போனா மாட்டக் குடுத்துற வேண்டியதுதான்."

"சரிங்க" என்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் சிரித்துவிடுவாரோ என்று ஒரு எண்ணம். சிரிக்காமல், கொழும்பில் தனியே இருந்து அதையே நினைத்துக்கொண்டிருப்பாரோ என்று இன்னொரு எண்ணம். யோசித்து முடிப்பதற்குள் அவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

லொறி கேட்டுப் போனபோது நானா வானத்தைப் பார்த்தார். "தங்கச்சி லொறியோட வாங்குறா. இண்டைக்கு மழதான்!"

லொறியில் வந்தவர்கள் வீட்டுக் குசினிச் சுவரோரம் கட்டுகளைப் போடத் தொடங்கினார்கள். நான் மறித்து, தோட்டத்தின் கீழ்க்கோடியைக் காட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே சுமந்தார்கள். கீழ்வேலிக்கு அப்பால் குடியிருந்த சிங்கள அக்கா எட்டிப் பார்த்தார். நாங்கள் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம்; தங்கச்சி என்பதற்கு அவர் 'நங்கி' என்பார்.

"ஏன் நங்கி அங்க போடுற? மழைக்குத் தண்ணி நிக்கிற எடமாச்சே."

"மாட்டுக்குக் கிட்ட இருக்கட்டும்னுதான் அக்கா."

மாட்டுக்கொட்டில் மேலே, குசினிக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் கொட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். வீட்டிலிருந்து தூரம் என்பதற்காக மட்டும் நான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. அது அந்த அக்காவின் வேலியோரம். சிங்களவர் வீட்டுப் பக்கத்தில் நெருப்பு வைக்க வருகிறவர்கள் தயங்குவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். கலவர நாட்களில் அவர் என் பிள்ளைக்குப் பால்மா தந்தது அந்த வேலிக்கு மேலால்தான்.

தினமும் காலையில் எழுந்ததும் முதலில் கீழே பார்ப்பேன். வைக்கோல் அப்படியே இருக்கும். யாரும் அதைத் தொடவில்லை.

வைகாசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நான்காம் நாள் மழை சற்று விட்டதும் அடியிலிருந்து ஒரு கட்டை உருவினேன். கை வைக்க முடியாத சூடு; உள்ளே கறுத்துப் புளித்துக் கிடந்தது. மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பாதிக்கு மேல் போய்விட்டது.

பார்த்துக்கொண்டிருந்த அக்கா குடையோடு வந்தார். குடையை வேலியில் மாட்டிவிட்டு, மேலே மூடியிருந்த தகரத்துக்கடியில் காய்ந்திருந்த கட்டுகளைத் தூக்கிக்கொண்டு குசினிச் சுவரை நோக்கி நடந்தார். மத்தியானம் வரை இருவரும் சுமந்தோம். கடைசிக் கட்டைப் போட்டுவிட்டுத் தலையிலிருந்த வைக்கோலைத் தட்டியபடி சொன்னார்:

"இது என் வேலியோரம் இருந்த வரைக்கும் எனக்கும் சரியாத் தூக்கம் வரல்ல, நங்கி."

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்த இடத்தில் நான் எதையாவது சொல்லியிருக்க வேண்டும். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க அக்கா" என்றேன். "வேலை கிடக்கு" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆடியில் கன்று பிறந்தது. மிஞ்சிய வைக்கோல் ஆவணியோடு முடிந்தது. ஐப்பசியில் பாதை மூடி, கட்டு பதினொரு ரூபாயானபோது, மாட்டையும் கன்றையும் அலவத்துகொடையில் ஒருவருக்குக் கொடுத்தோம்.

"மழைய யாரு என்ன செய்ய முடியும்? நீ அழாத" என்று என் கணவர் சமாதானப்படுத்தினார். எல்லாம் மழையால்தான் என்று அவர் நம்பினார். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

மகள் சில நாள் வெறும் கொட்டில் வாசலில் நின்று மாட்டைக் கூப்பிட்டுப் பார்த்தாள். நானோ குசினிச் சுவரோரம் சுத்தமாகக் கூட்டினேன், ஒரு துரும்பும் மிஞ்சாமல். அதன்பின் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அதை மட்டும் என் கணவரிடம் இன்றுவரை சொல்ல முடியவில்லை.