பேரிகையில் நான் மூடிய கிளினிக்

ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்குள் எனக்கு இப்போது டாக்டர் வேலை. விரல் நசுங்கியவர், கண்ணில் இரும்புத்தூள் விழுந்தவர், லீவுக்காகத் தலைவலி வந்தவர் எல்லோரும் என்னிடம் வருவார்கள். இதற்கு முன்னால் பேரிகையில், கணவரின் ஊரில், சொந்தமாகக் கிளினிக் வைத்திருந்தேன். ஏன் மூடினாய் என்று கேட்பவர்களிடம் கூட்டமில்லை என்று சொல்லிவிடுவேன். அது பொய்யும் இல்லை.

கணவரின் தம்பிக்கு அம்மை போட்டதில் தொடங்கியது. அப்போது அவருக்குக் கல்யாணமாகவில்லை. ஓசூரில் கம்பெனி வேலை. நாலு பேரோடு ஒரே ரூமில் தங்கியிருந்தவர், உடம்பெல்லாம் கொப்புளத்தோடு வீட்டுக்கு வந்து படுத்தார். வாசலில் வேப்பிலை செருகியாயிற்று, சமையலில் தாளிப்பு நின்றது. எங்கள் வீட்டில் அதை நோய் என்று சொல்லக்கூடாது. அம்மா வந்திருக்கிறாள். மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றி அவளை மரியாதையாக அனுப்பிவைக்க வேண்டும். அதுவரை மருந்து கூடாது. அந்த வீட்டு ஆள் ஊசியையும் தொடக்கூடாது என்பதால் என் கிளினிக்கும் பூட்டு. மெடிக்கல் காலேஜில் இந்தப் பாடம் நடத்தவில்லை. பூட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன்.

குழந்தைகளுக்கென்றால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். பெரியவர்களுக்கு நுரையீரலைப் பிடித்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. முதல் நாளே மாத்திரையைக் கொண்டுபோய் வைத்தேன். மாமியார் திட்டவில்லை.

"ஏம்மா, அம்மா ஊட்டுக்குள்ள இருக்கறப்போ இதெல்லாம் எதுக்கு? கண்ணுல படாம எடுத்து வெச்சிரு."

கொழுந்தனாரும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கம்பெனியில் கம்ப்யூட்டர் வைத்து மெஷின் ஓட்டுகிறவர், ஒரு மாத்திரைக்குப் பயந்தார்.

மறுநாள் சாயங்காலம் அவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு பேச்சை முழுசாக முடிக்க முடியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. "இப்பத் தூக்கலைன்னா தம்பி நமக்கு இல்ல" என்று கணவரிடம் சொன்னேன். அவர் தன் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கார் சாவியை எடுத்தார். மாமியார் வாசலில் குறுக்கே நின்று அழுதார். அவரைக் கையால் விலக்கிவிட்டுத்தான் போனோம். ஓசூர் ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் கிடந்து கொழுந்தனார் பிழைத்தார்.

தண்ணீர் ஊற்றாமலே அம்மாவைத் துரத்திவிட்டவள் என்று எனக்குப் பெயர் ஆகிவிட்டது. முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. தெருவில் எந்தப் பிள்ளைக்குக் கொப்புளம் வந்தாலும், போர்வெல் வற்றினாலும், தக்காளி விலை சரிந்தாலும் பார்வை என் பக்கம் திரும்பியது. முதலில் கர்ப்பிணிகள் வருவதை நிறுத்தினார்கள். அப்புறம் சர்க்கரைக்காரர்கள். பிரஷருக்கு வழக்கமாக வரும் ஒரு அம்மா மட்டும் வந்தார். "நீ பாத்துச் சொன்னா போதும்மா. ஊசி மட்டும் வேற எங்கனா போட்டுக்கறேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

கொழுந்தனார் மாரியம்மன் கோயிலில் மொட்டை போட்டுக் கூழ் ஊற்றினார். எனக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டதாக மாமியார் சொன்னார். தலையாட்டினேன். கிளினிக் போர்டைக் கழற்றிய அன்று அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கோபமாவது வந்திருக்கலாம், அதுவும் இல்லை. ஓசூருக்குக் குடிவந்தோம், மகளுக்குப் பள்ளிக்கூடம் தேடினோம், இந்த வேலை கிடைத்தது.

கொழுந்தனாருக்கு இப்போது ஒரு பையன் இருக்கிறான். போன மாதம் வேலை நேரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது.

"அண்ணி, பையனுக்கு அம்மா வந்திருக்குது. தப்பா எடுத்துக்காதீங்க. மூணு தண்ணி ஊத்தறவரைக்கும் நீங்க ஊட்டுப்பக்கம் வராதீங்க."

"பையனுக்கு மூச்சு எப்படி இருக்கு தம்பி?"

"அதெல்லாம் நல்லா வெளையாடறான் அண்ணி."

பேசும்போது அவருக்குத்தான் லேசாக இரைத்தது. அந்த இரைப்பு அன்றிலிருந்து முழுசாகப் போகவே இல்லை. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சரி தம்பி, வரலை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, வெளியே காத்திருந்தவரை உள்ளே வரச் சொன்னேன்.