டியோசெலினா வாயடைத்த இடம்

கொலம்பியாவின் பாரன்கியா நகரச் சந்தையில் டியோசெலினாவின் குரல் கேட்காத நாள் கிடையாது. போகாசிகோ மீனைக் கூவி விற்கும்போது இவள் மூச்சு விடுவாளா என்றே சந்தேகம் வரும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவள் அந்த வாயாலேயே மூன்று பெண்களைக் கரையேற்றியவள். கூவுகிறவள் ஒரு நொடி தடுமாறினால் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடும். அந்தப் பக்கத்துக் கடைக்காரி, நாத்தனார் நொயெமி.

இப்போது டியோசெலினாவின் தலைக்குள் கட்டி. அதுவும் இடது பக்கம், பேச்சு குடியிருக்கும் இடத்துக்கு அருகில். வெட்டுவதற்கு முன் பேச்சு எங்கே இருக்கிறது என்று காந்தத்தை வைத்துத் தேட வேண்டுமாம். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்த நொயெமி அறையின் மூலையில் உட்கார்ந்துகொண்டாள்.

திரையில் படம் வரும், பெயரைச் சொல்ல வேண்டும். அதே சமயம் டாக்டர் மரெல்பிஸ் காந்தச் சுருளைத் தலைமேல் வைத்துச் சொடுக்குவாள். பேச்சுக்கான இடத்தில் பட்டால் ஒரு கணம் சொல் வராது. அங்கே கத்தி படக் கூடாது.

வாளி, சேவல், தொப்பி என்று டியோசெலினா பொழிந்துகொண்டே போனாள். கத்தரிக்கோல் வந்தது. சொடுக்கு விழுந்தது. வாய் திறந்திருக்கிறது, சொல்லைக் காணோம். நொயெமி பார்த்துக்கொண்டிருக்கிறாள்!

பேச்சு திரும்பியதும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “அய்யோ, தாடைய இழுக்குதே!” என்று கத்தினாள்.

“வலியால நின்னா அது கணக்குல சேராதும்மா,” என்று டாக்டர் அந்த இடத்தைக் குறிக்காமல் விட்டுவிட்டாள். அப்புறம் சொல் நின்றபோதெல்லாம் அதே கத்தல்தான்.

முடிந்ததும் டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. “நல்ல சேதிம்மா. முன்பக்கம் எங்கயுமே பேச்சு நிக்கல. அந்த வழியா தைரியமா உள்ள போகலாம்.”

டியோசெலினா கன்னத்திலிருந்து கையை எடுத்தாள்.

“இரு கண்ணு. தாடையும் இழுக்கல, ஒரு மண்ணும் இழுக்கல. பேச்சுதான் வரல. இவ முன்னாடி மானம் போகுதேன்னு கத்திட்டேன்.”

“அடிப்பாவி அண்ணி! நேத்து மீன இன்னைக்குப் புடிச்சதுன்னு விக்கிற வேலைய டாக்டர்கிட்டயுமா காட்டுவ?” என்றாள் நொயெமி.

டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். இம்முறை டியோசெலினா, சொல் வராதபோது நாத்தனாரைப் பார்த்தபடியே வாயைப் பிளந்து சும்மா இருந்தாள். பேசியே பழகியவளுக்கு அது லேசான காரியமில்லை. திரையில் தெரிந்த மூளைப் படத்தின் முன்பக்கத்தில் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக விழுந்தன.

அந்தப் பக்கம் போகாமல் வேறு வழியாகக் கட்டியை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்தவளுக்கு உப்பில்லாத கஞ்சி வந்தது.

“இதக் குடிக்கவா என் மண்டையத் தொறந்தீங்க? பன்னிக்கு ஊத்துனா பன்னியே கோவிச்சுக்கும்!”

வார்டு முழுக்கக் கேட்டது.

“இன்னும் கொஞ்சம் ஒட்ட வெட்டியிருக்கலாம் அந்த டாக்டர்,” என்ற நொயெமி, சொல்லி முடிப்பதற்குள் ஓவென்று அழுதுவிட்டாள்.