என் முதுகில் முளைத்த காளான்

“தோலு வெளுத்த புள்ளைக்குச் சிலேட்டு எதுக்கு?” என்று கேட்டார் பெரியப்பா.

தேவாரம் என்ற எங்கள் ஊரில், எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இரண்டாம் வகுப்பில் இருந்தபோது கழுத்தில் வெள்ளைத் திட்டுகள் தோன்றி முதுகெல்லாம் படர்ந்தன. தேமல் என்று சொல்லி அம்மா குப்பைமேனி அரைத்துப் பூசினாள். போகவில்லை. எங்கள் தெருக்காரர் ஒருவருக்கு இப்படி ஒரு திட்டில்தான் பெருவியாதி, அதாவது குஷ்டம், தொடங்கியது. ஓடைக்கு அப்பால் குடிசை போட்டு அவரைத் தனியே வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் காட்டி, தொற்று இல்லை என்று தெரிந்தால்தான் வகுப்புக்குள் விடுவேன் என்றார் வாத்தியார்.

அம்மா என்னைப் பெரியகுளத்துக்கு பஸ்ஸில் கூட்டிப்போனாள். வழியெல்லாம் ஒரே பாடம்.

“ஊசி குத்துனாலும் அழுகப்படாது. பட்டிக்காட்டு சனம்னு டாக்டரம்மா நெனச்சிரப்படாது, என்ன?”

எனக்கு அது புதிதல்ல. காது குத்தும்போது சத்தமே போடாத பிள்ளை என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியவள் நான்.

டாக்டரம்மா மலையாளத்துக்காரர். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, முதுகில் ஊசி முனையால் குத்தினார்.

“வலிக்குதா மோளே?”

“வலிக்கல.”

இன்னொரு திட்டில், இன்னும் கொஞ்சம் அழுத்தமாக. “இப்போ?”

“வலிக்கல.”

நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன். அம்மா சுவரோடு சரிந்து தரையில் உட்காரும் சத்தம்தான் கேட்டது.

“ஆத்தா, வலிச்சா அழு! அழுதுரு தாயி!”

அம்மா என்னைச் சோதிக்கிறாள் என்றே நினைத்தேன். பல்லை இன்னும் இறுகக் கடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மா அதற்குள் என் கால்களைக் கவனித்துவிட்டார். ஒவ்வொரு குத்துக்கும் என் கால் விரல்கள் நண்டுபோல் மடங்கியிருக்கின்றன. அவர் ஊசியை வைத்துவிட்டு ஒரு கோழி இறகை எடுத்து, அதே திட்டுகளின்மேல் மெல்ல இழுத்தார். வலிக்கு என்னைப் பழக்கியிருந்தார்கள். கூச்சத்துக்கு யாரும் பழக்கவில்லை. நெளிந்து, குலுங்கி, நாற்காலியிலிருந்து விழப்போகும் அளவுக்குச் சிரித்தேன். அம்மா அழுதாள்.

பிறகு திட்டிலிருந்து கொஞ்சம் செதிலைச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் வைத்து, பூதக்கண்ணாடிக் குழாய் வழியே பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். துண்டு துண்டாக நூல். நடுவே கேழ்வரகு சிந்தியதுபோல் மணி மணியாக.

“பெருவியாதி இல்ல. இது காளான் சாதி. கண்ணுக்குத் தெரியாத காளான்; வேர்வையில வளரும். தேமல்தான்.”

“மழை பெஞ்சா முளைச்சு வெளிய வருமா?” என்று கேட்டேன். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கந்தகக் களிம்பு கொடுத்தார்.

வீடு திரும்பியதும் அம்மா வாசலிலேயே கத்திச் சொன்னாள்: “காளானாம்! வெறும் காளானாம்! டாக்டரம்மாவே சொல்லிட்டாக!”

“காளானா?” என்றார் பெரியப்பா. “அப்ப மழைக்காலத்துல நான் ஏன் புத்துப் புத்தா அலையணும்? இவ முதுகுலயே பறிச்சுக் கொழம்பு வச்சிரலாம்ல!” சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். வேர்வை என்று நினைத்தேன்.

மறுநாளே சிலேட்டோடு வகுப்பில் உட்கார்ந்தேன். அவ்வளவு சமர்த்தாக இருந்தும் அம்மா ஏன் என்னைப் பாராட்டவில்லை என்ற குறை மட்டும் நெடுநாள் இருந்தது. பெருவியாதித் திட்டு மரத்துப்போயிருக்கும், ஊசி அதில் வலிக்காது, என் ஒவ்வொரு ‘வலிக்கல’யும் ஓடைக்கு அப்பால் எனக்கொரு குடிசை போட்டுக்கொண்டிருந்தது என்பது அப்போது தெரியவில்லை.

இப்போது மதுரையில் நர்ஸ் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். டிரங்குப் பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டவர் பெரியப்பா. நேற்று ஆஸ்பத்திரியில் ஒரு சிறுமி பல்லைக் கடித்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நான் முதலில் அவள் கால் விரல்களைப் பார்த்தேன்.