அத்திப்பழம் விழும் மடு

கல்யாணமாகி நான் கம்பைநல்லூர்ப் பக்கம் வந்த இரண்டாவது வருஷம் அது, அறுபதுகளின் கடைசி. மாமனார் விஷக்காய்ச்சலில் படுத்து ஒருவழியாக எழுந்திருந்தார். காய்ச்சல் விட்டும் வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை. களியைக் கரைத்துக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தவக்கால வெள்ளிக்கிழமை ஒன்றில், கறி கூடாது, மீன் ஆகும் என்ற அந்த நாளில், அவராகவே கேட்டார்.

"ஆத்து மீனு கொழம்பு வெச்சா ரெண்டு வாய் தின்னுருவம்மா."

அவர் வாய்திறந்து ஒன்று கேட்டதே எங்களுக்குப் பெரிதாக இருந்தது. என் வீட்டுக்காரர் உடனே தூண்டிலை எடுத்தார். நானும் கிளம்பினேன். அரூரில் வளர்ந்தவள் நான். மீனைச் சந்தைக் கூடையில் பார்த்ததோடு சரி.

கோடையில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும். பாறையை ஒட்டிய மடு மட்டும் வற்றாது. அதன்மேல் பெரிய அத்திமரம் ஒன்று சாய்ந்து நின்றது. தண்ணீர் அடிமணல் தெரியும் அளவுக்குத் தெளிவு. உள்ளங்கை அகலக் கெண்டைகள் நிழலில் அசையாமல் நின்றன.

அவர் மண்புழுவைக் கோத்துப் போட்டார். ஒரு கெண்டை வந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. களியை உருட்டிப் போட்டதும் பொடிமீன்கள் மொய்த்துக் கரைத்துவிட்டன. வெட்டுக்கிளி பிடித்துப் போட்டார். அதை எட்டிப் பார்க்கக்கூட ஆளில்லை.

"எல்லாம் வவுறு ரொம்பிக் கெடக்குதுங்க போல. வெயில் ஏறுது, வூட்டுக்குப் போலாமுங்க" என்றார். அவருக்கு அலுப்பு வந்தால் என்னிடம் பேசும்போதும் மரியாதை 'ங்க' சேர்ந்துவிடும்.

நான் மரத்தின் வேரில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே மைனாக்கள் பழம் கொத்திக்கொண்டிருந்தன. பாதி தின்ற பழம் ஒன்று 'டுப்' என்று விழுந்தது. அலை விரிவதற்குள் நாலா பக்கமிருந்தும் கெண்டைகள் பாய்ந்து வந்தன. தண்ணீருக்குள் வெள்ளி உடைந்து சிதறியதுபோல் இருந்தது. பழத்தைக் காணோம்.

சோதித்துப் பார்க்க ஒரு கூழாங்கல்லைப் போட்டேன். வந்தன; உடனே விலகின. பச்சைக் காயைப் போட்டேன். ஒன்று கவ்வியது, துப்பியது. எறும்பு ஏறிய செம்பழம் ஒன்றைப் போட்டபோது மடுவே துள்ளியது. மேலே பறவை தின்ன, கீழே மீன் காத்திருக்கிறது. பழம் விழும் சத்தம் அதற்குச் சாப்பாட்டு மணி. நாங்கள் பிறக்கும் முன்பிருந்தே இங்கே பந்தி நடந்துகொண்டிருக்கிறது, கேட்பாரில்லாமல்.

"இங்க பாருங்க, பழத்தக் கோத்துப் போடுங்க" என்றேன்.

"மீனு எங்கியாவது பழம் தின்னுமா?" என்று சிரித்தார். ஆனாலும் கனிந்த பழத்தில் ஒரு துண்டைக் கிள்ளி முள்ளில் ஏற்றி, மெதுவாக இறக்காமல், சத்தம் கேட்கும்படி எறிந்தார். தக்கை நிமிர்வதற்குள் உள்ளே போய்விட்டது. இழுத்த கெண்டை மணலில் துடித்தபோது அவர் அதைப் பார்க்கவில்லை. மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"அட கடவுளே" என்றார், மெல்ல.

குழம்புக்குப் போதுமானது கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டினோம். இன்னும் பிடிக்கலாமே என்று இருவருக்கும் தோன்றவில்லை. கோயிலுக்குள்ளிருந்து வெளியே வருகிறவர்களைப்போல் மெதுவாக நடந்தோம்.

வீட்டில் மீனை அறுத்தேன். ஒவ்வொன்றின் குடலிலும் மணல்போல அத்தி விதை. புளியைக் கரைத்துக் குழம்பு வைத்தேன். மாமனார் களியை நனைத்து இரண்டு உருண்டை தின்றார். மூன்றாவதும் கேட்டார். முள்ளை விரலால் ஒதுக்கிக்கொண்டே, "என்னத்தப் போட்டுப் புடிச்சீங்க?" என்றார். சொன்னோம்.

"அத்திப்பழமா? அந்த மரத்தடியிலதான நான் மாடு குளிப்பாட்டுனதெல்லாம். எனக்குத் தெரியலியே!" என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த வாரம் உடம்பில் தெம்பு வந்து, தடியை ஊன்றிக்கொண்டு எங்கள் நிலம்வரை போய் வந்தார்.