அறுபத்து நாலு என்று எழுதியிருந்தது

அச்சகத்தின் மாடியறையில் பத்தொன்பது வருடங்களாகப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துவந்தவளை எல்லோரும் லேஅவுட் அக்கா என்றார்கள், முதலாளி உட்பட. அவள் யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பேசத் தகுதியுள்ளவர்கள் அங்கே யாருமில்லை என்பது அவள் எண்ணம். பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது.

அவள் முடித்த கோப்பு பென் டிரைவில் ஏறி, கீழே அச்சுத் தகடு எடுக்கும் கணினிக்குப் போகும். ஒரு மாதமாக, போய்ச் சேர்ந்த கோப்புகள் திறக்க மறுத்தன. திறந்தாலும் பாதிப் படங்கள் சாம்பல் கட்டங்களாக இருந்தன. இரண்டு புத்தகங்கள் நின்றுபோயின. மூன்றாவதும் கெட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக முதலாளி சுவரைப் பார்த்துச் சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்லும் திராணி அவருக்கு இல்லை.

கோளாறைக் கண்டுபிடிக்க முதலாளியின் மச்சான் வந்தார். முதலாளியின் மனைவியான தன் அக்காவின் செல்போனை அணைத்துப் போட்டுச் சரிசெய்த நாளிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு அவர்தான் மேதை.

“வைரஸ்,” என்றார், உட்காரும் முன்பே.

“எதுல?” என்றார் முதலாளி.

“எல்லாத்துலயும்தான். வயசானவங்க கண்டதையும் கிளிக் பண்ணிடுவாங்க, மாமா.”

“கீழ போய்த்தானே உடையுது?” என்றாள் அவள்.

“அக்கா, உங்களுக்குப் புரியாது. ஃபைல் பேரு சரியா இருக்கு, சைஸும் சரியா இருக்கு. அப்ப காப்பி ஒழுங்கா ஆயிருக்கு. நீங்க அனுப்புறதே கெட்டுப்போனதுதான்.”

பெட்டியின்மேல் விலாசம் சரியாக இருந்தால் உள்ளே பொருளும் இருக்கும் என்று நம்புகிற ஆள்.

முதலாளியும் மச்சானும் சாப்பிடப் போனார்கள். மச்சான் சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அவள் மூன்றாவது புத்தகத்தைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே திறந்தாள். நன்றாக இருந்தது. எப்போதும் அப்படிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாள். இம்முறை பென் டிரைவைப் பிடுங்கி, மறுபடி செருகினாள். அதே கணினி, அதே கோப்பு. திறக்கவில்லை. படி இறங்காமலேயே கெட்டுவிட்டது. இத்தனை நாளும் அவள் சரிபார்த்தது கணினி தன் நினைவில் வைத்திருந்ததைத்தான்.

பென் டிரைவைச் சுத்தமாக அழித்தாள். ஒரு ஜிபிக்குச் சற்று மேல் வரும் அந்த ஒரே புத்தகத்தை அதில் இருபது தடவை ஏற்றினாள். பிடுங்கிச் செருகி ஒவ்வொன்றாகத் திறந்தாள். முதல் ஏழு திறந்தன. மிச்சம் பதின்மூன்றும் குப்பை. முதுகில் அறுபத்து நாலு ஜிபி என்று அச்சடித்திருந்ததற்குள் எட்டுதான் இருந்தது. எட்டு நிரம்பும்வரை ஒழுங்காக நடந்துவிட்டு, பிறகு வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டதாகத் தலையாட்டியிருக்கிறது.

அவர்கள் திரும்பி வந்ததும் திரையைக் காட்டினாள். “இதை யார் வாங்கினது?”

முதலாளி மச்சானைப் பார்த்தார். மச்சான் மின்விசிறியைப் பார்த்தார்.

“ஆன்லைன்ல நல்ல ரேட்டிங் இருந்துச்சு, மாமா.”

“சரி, போனது போகட்டும். புத்தகத்தை அனுப்புங்கக்கா, கீழ மெஷின் சும்மா நிக்குது.”

“தப்பு என்னோடது இல்லன்னு அவர் சொல்லட்டும். அனுப்புறேன்.”

“வீட்டு மனுஷன்க்கா. சங்கடப்படுவாரு.”

“அப்ப அந்த வேற ஆளையே வரச் சொல்லுங்க.”

பையைத் தோளில் மாட்டினாள். முதலாளி மச்சானை முழங்கையால் இடித்தார்.

“தப்பு… பென் டிரைவோடது,” என்றார் மச்சான்.

அதற்குமேல் அந்த வாயிலிருந்து எதுவும் வராது. அவள் பையை இறக்கி, அதிலிருந்த தன் சின்னப் பென் டிரைவை எடுத்தாள். புத்தகத்தை ஏற்றினாள், பிடுங்கினாள், செருகினாள். கடைசிப் பக்கம்வரை நிதானமாகப் புரட்டினாள். இருவரும் பின்னால் நின்றார்கள். அவள் உட்காரச் சொல்லவில்லை.