அட்மிஷன் கரடி

அந்த ஏப்ரலில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கரடி வாங்கினார்கள். உயிருள்ளது இல்லை. பஞ்சு அடைத்த பழுப்பு உடம்பு, தனியாகக் கழற்றி மாட்டும் தலை, கைக்கு உறை, செருப்போடு சேர்த்துத் தைத்த பாதம். பிறந்தநாள் விழாக்களுக்கு வாடகைக்கு விடும் ஒரு சென்னைக் கடை பழசென்று கழித்துவிட்டதை எங்கள் கரஸ்பாண்டன்ட் வேனில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மரக்காணத்தில் அது பிள்ளை பிடிக்கும் காலம். கோடை முடிவதற்குள் எல்.கே.ஜி. நிரம்ப வேண்டும். அதற்காக டீச்சர்கள் தெருத்தெருவாக நோட்டீஸ் கொடுப்பது வருடா வருடம் நடப்பதுதான்.

நான் கணக்கு டீச்சர். எம்.எஸ்ஸி., பி.எட். பதினோரு வருடமாகப் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். நோட்டீஸ் கொடுப்பதில் இருந்த கூச்சமெல்லாம் எப்போதோ போய்விட்டது. கரடி வேறு விஷயம். முதலில் அதைப் போட்டுக்கொள்ளப் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு ஆளை அழைத்து வந்தார்கள். இரண்டாம் நாள் வெயிலில் அந்த ஆள் தலையைக் கழற்றி வேன் சீட்டில் வைத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். அவருக்கு இருந்த புத்தி எங்களுக்கு இல்லை. மறுநாள் ஸ்டாஃப் ரூமில் கரடிக்கு ஒரு டைம்டேபிள் ஒட்டியிருந்தது, எங்கள் பெயர்களோடு. கரடி ஒருவருக்கு. மற்றவர்களுக்கு முயல் காது வைத்த ஹேர்பேண்டும் மூக்கில் சிவப்புச் சாயமும்.

எல்லோருமாகப் போய்க் கேட்டோம். நாமெல்லாம் ஒரே குடும்பம் இல்லையா என்றார் கரஸ்பாண்டன்ட். எந்தக் குடும்பத்தில் யார் யாருக்குக் கரடி வேஷம் போட்டுவிடுகிறார்கள் என்று என் வாய்வரை வந்தது. வந்ததோடு சரி. திண்டிவனத்தில் வக்கீலாக இருக்கும் கல்லூரித் தோழிக்குப் போன் செய்தேன். வேலைக்கு வைத்தவர் வேஷம் போடச் சொன்னால் போட்டுத்தான் ஆகவேண்டுமா என்று கேட்டேன். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படிக்கச் சொன்னாள். ‘நிர்வாகம் அவ்வப்போது ஒப்படைக்கும் இதர பணிகள்’ என்று அதில் ஒரு வரி இருந்தது. கீழே என் கையெழுத்து. அந்த வரிக்குள் கரடி அடங்குமா என்று வழக்காடிப் பார்க்கலாம், அதற்கு முன்னால் உன் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் யாரிடம் இருக்கிறது என்றாள். ஆபீஸ் பீரோவில், எல்லா டீச்சர்களுடையதும் அங்கேதான் என்றேன். வழக்குப் பேச்சை அவள் அதோடு விட்டுவிட்டாள். பிறகு வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்தாள்.

இத்தனைக்கும் எனக்குக் கவலை கரடியைப் பற்றி மட்டும் இல்லை. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். அண்ணன் எட்டாவதோடு உப்பளத்துக்குப் போய்விட்டார். அவர் உப்பு வாரிய கூலியில்தான் நான் படித்தேன். அவருடைய மகள் அந்த வருடம் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். திண்டிவனம் காலேஜில் பி.எஸ்ஸி. கணக்கு சேரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஷூ கம்பெனிக்கு அனுப்பலாம், விடியற்காலையில் வேன் தெருமுனைக்கே வருகிறது, நம் தெருவிலேயே ஆறு பெண்கள் போகிறார்கள் என்பது அண்ணியின் கட்சி. அண்ணன் இரண்டு மனதாக இருந்தார். படிப்பின் பக்கம் பேச நான்தான் இருந்தேன். காட்டுவதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சியும் நானேதான். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள், பேங்கில் உட்காரச் சொல்கிறார்கள் என்று வெட்கமில்லாமல் என்னையே அளந்து அளந்து சொன்னேன். கடைசியில் அண்ணன் இறங்கி வந்தார். “சரி, உன்ன மாதிரி ஆவட்டும்” என்றார். அப்ளிகேஷனுக்குக் கடைசி நாள் ஒரு வாரத்தில் இருந்தது. வருமானச் சான்றிதழ் வாங்கிவருவது அவர் பொறுப்பு.

அந்த வாரத்தில்தான் பள்ளிக்கூட வேன் எங்கள் தெருவுக்குப் போவதாக இருந்தது. கரடி சமாச்சாரம் வீட்டில் யாருக்கும் தெரியாது. முயல் காதோடும் சிவப்பு மூக்கோடும் சொந்தத் தெருவில் எப்படி நடப்பேன்? கரடிக்குள் இருந்தால் முகம் தெரியாது. கரடி வாய் திறந்து பேசக்கூடாது, வெளியில் தலையைக் கழற்றக்கூடாது என்பது வேறு உத்தரவு. அதுவும் எனக்குச் சாதகம்தான் என்று நினைத்தேன். முறை வந்தவர்கள் எல்லாம் தலைவலி, காய்ச்சல் என்று நழுவப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் போய் அதைக் கேட்டு வாங்கினேன். தமிழ் டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

தலைக்குள் ஒரே நாற்றம். எனக்கு முன்னால் போட்டவர்களின் வியர்வை, தேங்காய் எண்ணெய், எந்தப் பிறந்தநாளிலோ கொட்டிய பாலின் புளிப்பு. கரடியின் வாயில் இருந்த கறுப்பு வலை வழியாகத்தான் வெளியே பார்க்க முடியும். பத்தரை மணிக்கு எங்கள் தெருவுக்குள் நுழைந்தோம். உப்பளத்து ஆட்கள் விடியலுக்கு முன்பே இறங்கி அந்த நேரத்துக்கெல்லாம் கரையேறிவிடுவார்கள். டீக்கடை வாசலில் கணுக்கால்வரை உப்புப் படிந்த காலோடு அண்ணன் உட்கார்ந்திருந்தார். மைக்கில் பாட்டு அலறியது. நான் ஆடினேன்.

அண்ணன் எழுந்து வந்து கரடிக்குக் கை கொடுத்தார். பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கி வந்து என் மூக்கைத் தொடச் சொன்னார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதை இப்போது சொல்லத்தான் வேண்டும். பிறகு வெயிலில் கொஞ்சம் தள்ளாடினேன். அவர் கவனித்துவிட்டார்.

“ஏம்பா, உள்ள வெந்துடுவ. வா, தண்ணி குடிச்சிட்டுப் போ.”

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கரடி அடம் பிடிக்கிறதென்று குழந்தைகள் கைதட்டினார்கள். அண்ணன் என் கையைப் பிடித்துத் தன் வீட்டுச் சந்துக்குள் அழைத்துப் போனார். தண்ணீர் கொண்டுவரச் சொல்லி மகளுக்குக் குரல் கொடுத்தார். இங்கே பிள்ளைகள் யாரும் இல்லை, கழற்று என்றார். நான் இரண்டு கையாலும் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எங்கோ மாட்டிக்கொண்டு கழற்ற வரவில்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். உதவி செய்கிற ஆளாகத் தானே தூக்கிவிட்டார்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. போக வழி தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது. அவர் மகள் சொம்போடு வந்து நின்றாள். சொம்பை வாங்கிக் குடித்தேன். பிறகு அண்ணன் கரடித் தலையைத் திருப்பி, முன்பக்கம் எது என்று பார்த்து, மெதுவாக என் தலையில் மாட்டினார். வலை என் கண்ணுக்கு நேராக வரும்படி சரிசெய்தார்.

“வண்டி நிக்குது. போ” என்றார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணியிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து மெல்லிய குரலில் விசாரித்தார். தினமும் நீதானா என்றார். முறை வைத்து எல்லோரும் என்றேன். பெரிய டீச்சர்களுமா என்றார். ஆமாம் என்றேன். முடியாது என்று சொன்னால் என்ன ஆகும் என்றார். சர்டிபிகேட் விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இந்த மனிதர் என்னைத் திட்டித் தொலைக்கக் கூடாதா என்று எனக்கு அவர்மேல்தான் ஆத்திரம் வந்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். கத்தியாவது என் பக்கத்தைச் சொல்லியிருப்பேன்.

“பொண்ணு கம்பெனிக்கே போகட்டும்மா” என்றார். “அங்கயும் கோட்டு, தொப்பி எல்லாம் குடுக்கறாங்களாம். ஆனா மொகம் தெரியும்.”

சொல்ல எவ்வளவோ இருந்தது. எல்லாப் பள்ளிக்கூடமும் இப்படி இல்லை, அரசு வேலைக்குப் பரீட்சை எழுதலாம், அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. ஆனால் பதினோரு வருடமாக அந்தப் பரீட்சைகளை எழுதிக்கொண்டிருப்பவளும் நான்தானே. எனக்குள் ஏதோ ஒன்று அவர் சொல்வது சரி என்றும் சொன்னது. அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கடைசி நாள் வந்து போயிற்று. வருமானச் சான்றிதழுக்கு அவர் போகவில்லை. போகச் சொல்லி நானும் கேட்கவில்லை. அந்தப் பெண் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. ஜூனில் கம்பெனி வேனில் ஏறினாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். காலேஜுக்கு ஆகும் என்று அவளுக்கு முன்கூட்டியே கொடுத்திருந்த என் பழைய புத்தகங்கள் ஒரு பையில் இருந்தன. வேலை எப்படி என்று கேட்டேன். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யவேண்டும், மற்றபடி ஒன்றும் இல்லை என்றாள். புத்தகத்தை நீயே வைத்துக்கொள், அடுத்த வருடம் அப்ளிகேஷன் போடலாம், அப்பாவிடம் நான் பேசுகிறேன் என்றேன். பையைக் கையில் பிடித்தபடியே அவள் ஒன்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“நீங்க இன்னும் அதே ஸ்கூல்லதான இருக்கீங்க, அத்த?”

ஆமாம் என்றேன். அவள் பையைக் கட்டிலில் வைத்தாள்.