அமுங்கின மெத்தை

சோபா கடையில் அவளுக்கு அருவியக்கா என்று பெயர். சோபாவுக்கு மேலே மாட்டுகிற படங்களை அவள்தான் வரைந்து கொடுக்கிறாள். பெரிய சோபாவுக்கு அகலமான அருவி, ஒற்றை சோபாவுக்கு ஒல்லியான அருவி. சோபா துணி பச்சையென்றால் தண்ணீரிலும் கொஞ்சம் பச்சை. பல வருடமாக இதே தண்ணீர்தான், தூக்கத்திலும் கொட்டிக்கொண்டிருந்தது.

தனக்கென்று அவள் வரைந்தது ஒரே ஒரு படம். பஸ் ஓட்டிவிட்டு வந்த கணவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் மெத்தை வைத்த நாற்காலியில் வாய் பிளந்து தூங்குகிற படம்.

அருவிகளை எடுத்துப்போக வீட்டுக்கு வந்த கடை முதலாளி அதன் முன்னால் நின்றுவிட்டார்.

"ஜன்னல் வெளிச்சம் பிரமாதம், தங்கச்சி. இந்த ஆளை மட்டும் எடுத்துடு. உடனே வித்துடும்."

"அது எங்க வீட்டுக்காரர், அண்ணே."

"தெரியுது. ஆனா ஊரான் வீட்டு ஹால்ல உன் புருஷன் தூங்கினா நல்லாவா இருக்கும்?"

கணவரிடம் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நான் இல்லாட்டித்தான் விலை போகுமாக்கும்! எடுத்துடும்மா. ஒரு தடவையாவது அருவி இல்லாம உன் படம்னு ஒண்ணு வெளியே போகட்டும்."

அந்த ஆசை அவளுக்கும் இருந்தது. முதலில் செருப்பை மறைத்தாள். பிறகு முழங்கால், கை, கடைசியாக அந்தத் திறந்த வாய். நாற்காலி காலியானது.

கடையில் முதலாளி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"மெத்தை ஏன் அமுங்கியிருக்கு?"

அவளும் அப்போதுதான் கவனித்தாள். ஆளை எடுத்தவள், ஆளின் பாரத்தை எடுக்க மறந்திருந்தாள்.

"நாற்காலி விக்கிற கடையில அமுங்கின மெத்தையை மாட்டினா சிரிப்பாங்க. நாலு இழுப்பு இழுத்தா உப்பிடும். இங்கேயே உட்கார்ந்து முடிச்சுடு."

பிரஷ்ஷைக் கையில் எடுத்தாள். நாலு இழுப்புகூட வேண்டாம், அவள் கைக்கு இரண்டே போதும். அதுதான் அலுப்பாக இருந்தது.

"இது இருக்கட்டும், அண்ணே. பச்சை சோபாவுக்கு வேற அருவி தரேன்."

அவர் உதட்டைப் பிதுக்கினார். "உன் இஷ்டம். சீக்கிரம் கொடு."

வீட்டில் கணவர் படத்தைத் தன் பக்கம் திருப்பினார். "நான் எங்கே?"

"எழுந்து போயிட்டீங்க."

குனிந்து பார்த்தார். "இப்பத்தான் போயிருக்கேன் போல. மெத்தை இன்னும் எழும்பலையே."

அவள் தட்டில் நீலத்தைப் பிதுக்கி, ஓரத்தில் கொஞ்சம் பச்சை வைத்தாள்.